ஏழு பேர்ச் காணியில் அம்மாவின் ஆனைக்கொய்யா: வீட்டிலிருந்து எத்தனை அடி தள்ளி நடுவது?

தொங்கல்காம்பரா:

வணக்கம். கேள்வி சிறியதுதான். ஆனால் அதை வைத்து எங்கள் வீட்டில் இரண்டு வாரமாக யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

எங்கள் ஊர் பொகவந்தலாவைப் பக்கம். நான் பிறந்து வளர்ந்தது லயத்தின், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டின், தொங்கல் காம்பராவில், கடைசி அறையில். இரண்டு வருடத்துக்கு முன்புதான் அம்மாவின் பெயரில் ஏழு பேர்ச் காணியும் 550 சதுர அடியில் ஒரு தனி வீடும் கிடைத்தன. எனக்குக் கொழும்பில் கணக்கெழுதும் வேலை. மாதத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போகிறேன்.

பழைய லயத்துக்குப் பின்னால், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு இறங்கும் படியோரம் அப்பா வைத்த மரம் ஒன்று நிற்கிறது. லயத்தில் அதை அலிப்பேரா என்போம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஆனைக்கொய்யா. என் அலுவலகத்துக்குப் பக்கத்துக் கடையில் அவகாடோ. அங்கே ஒரு பழத்துக்குச் சொல்லும் விலையைக் கேட்டால் அப்பா விழுந்து விழுந்து சிரித்திருப்பார். நீளக் கழுத்துக் காய். பழுத்தாலும் தோல் பச்சைதான். நார் கிடையாது. சீனி போட்டுப் பிசைந்து ரொட்டிக்குத் தொட்டுக்கொள்வோம். அப்பா இறந்த வருடம் அந்த மரத்துக் கொட்டை ஒன்றை அம்மா பால்மா டின்னில் ஊன்றினார். வீடு மாறிய அன்று சட்டி பானைகளுக்கு முன்னால் லொறியில் ஏறியது அந்த டின்தான். கன்று இப்போது என் இடுப்பளவு நிற்கிறது.

இனிக் காணியைச் சொல்கிறேன். ஏழு பேர்ச் என்றால் 1,905 சதுர அடி. எங்களுடையது ஏறத்தாழ 38 அடி அகலம், மேலிருந்து கீழாக 50 அடி நீளம். மலையை வெட்டித்தான் வீடு கட்டியிருக்கிறார்கள். பின்சுவரிலிருந்து எட்டு அடியில் மண்வெட்டு, ஓர் ஆள் உயரத்துக்கும் மேல், ஒன்பது அடி இருக்கும். அதற்கு மேலே எங்களுக்கு இன்னும் ஆறடி நிலம். வீட்டுக்கு முன்னால் பதினான்கு அடி முற்றம், அது முடியும் இடத்தில் ஐந்தடிக் கல்கட்டு. கல்கட்டுக்குக் கீழே அடுத்த வீட்டின் கூரை. இடது பக்கம் நாலடி, வலது பக்கம் ஒன்பதடி. மலசலகூடக் குழி முன்முற்றத்தின் இடது மூலையில்.

அம்மா மண்வெட்டுக்கு மேலே, விளிம்பிலிருந்து இரண்டடியில் குச்சி ஊன்றிவிட்டார். “அங்கேதான் காலை வெயில் விழுகிறது, அங்கேதான் ஆடு வராது” என்கிறார். அண்ணன், முப்பது அடிக்குள் எந்த மரமும் கூடாது, வேர் போய் அத்திவாரத்தைத் தூக்கிவிடும் என்கிறான். முப்பது அடிக்கு எங்கே போவது என்று கேட்டால், அப்படியானால் டின்னிலேயே இருக்கட்டும் என்கிறான்.

எனக்கு வேரைப் பற்றி அவ்வளவு பயமில்லை. நான் ஏழாம் வகுப்பில் படித்தபோது, ஆனி மாத மழையில், லயத்துக்கு மேலே நின்ற டர்பன்டைன் என்ற உயரமான தோட்டத்து மரம் ஒன்று விழுந்து நான்காவது காம்பராவின் கூரையைப் பிளந்தது. விழுவதற்கு முன் வேர் அறும் சத்தம் கேட்டது. ஈரச்சாக்கைக் கிழிப்பதுபோல, நிதானமாக. அந்த வீட்டு ஆச்சி பீலிக்குப் போயிருந்ததால் தப்பினார். மரத்தை வெட்டித் தரும்படி அதற்கு ஒன்பது மாதம் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதிலிருந்து வீட்டுக்கு மேட்டுப் பக்கத்தில் எந்த மரத்தைப் பார்த்தாலும் கண் தானாக அதன் நுனிக்கும் கூரைக்கும் கோடு போடும்.

மரம் வேண்டாம் என்று அம்மாவிடம் என்னால் சொல்ல முடியாது. எங்கே, எத்தனை அடி தள்ளி வைக்கலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

வன்னிமேடு:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது தங்கச்சி? மரம் முழுதாக வளர்ந்தால் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம். கொட்டையில் முளைத்த ஆனைக்கொய்யா அறுபது அடி வரை போகும். ஆகவே அறுபது அடி. என் வளவில் எல்லா மரத்தையும் அப்படித்தான் வைத்திருக்கிறேன், இன்றுவரை ஓர் ஓடு உடைந்ததில்லை.

---

தொங்கல்காம்பரா:

அண்ணா, உங்கள் வளவு எத்தனை ஏக்கர் என்று கேட்கமாட்டேன். அறுபது அடி தள்ளி நான் குழி வெட்டினால் அது கீழ்வீட்டுக்காரருக்கும் கீழ்வீட்டுக்காரரின் குசினிக்குள் விழும்.

---

கல்கட்டு:

நான் இருபத்திரண்டு வருடமாக மேசன் வேலை செய்கிறேன், பெரும்பாலும் ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம். அண்ணனுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

வேர் அத்திவாரத்தைத் தூக்கும் என்ற கதை நம் மலைக்கு அவ்வளவாகப் பொருந்தாது. இங்கிலாந்து போன்ற இடங்களில் சில களிமண் நீரைக் குடித்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். மரம் அந்த நீரை உறிஞ்ச, மண் சுருங்கி வீடு இறங்கும். அடிக்கணக்கில் எழுதி வைத்திருக்கும் அட்டவணைகள் பலவும் அந்த மண்ணை மனதில் வைத்தவை. நம் செம்மண் அந்த அளவுக்கு ஊதிச் சுருங்குவதில்லை. இரண்டரை அடி ஆழத்தில் கருங்கல் வைத்துச் சரியாகக் கட்டிய அத்திவாரத்துக்குள் புக வேருக்கு ஒரு காரணமும் இல்லை. வேர் தண்ணீரையும் காற்றையும் தேடிப் போகும். பெரும்பகுதி மேல் இரண்டடி மண்ணுக்குள்தான் பரவும், மரத்தின் நிழலையும் தாண்டிப் போகும். ஆகவே முப்பது அடியில் வைத்தாலும் வேர் வீட்டுப் பக்கம் வரத்தான் செய்யும். வந்தால் ஒன்றும் ஆகாது. குழாய் ஒழுகினால்தான் ஆகும்.

உங்கள் வீட்டுக்கு உண்மையான சந்தேகம் வேறு. மலையை வெட்டிக் கட்டிய வீட்டில் பின்பாதி வெட்டிய இறுகல் மண்ணில் இருக்கும், முன்பாதி வெட்டியெடுத்து நிரப்பிய மண்ணில் இருக்கும். நிரப்பிய மண் மூன்று நான்கு மழைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். நடுச்சுவரில் வெடிப்பு வரும். உடனே பக்கத்தில் நிற்கும் மரத்துக்குப் பழி. வேலிக்கு நட்ட கிளிசிறியா மேல் பழி போட்டு வெட்டிய வீட்டைப் பார்த்திருக்கிறேன். வெட்டிய பிறகும் வெடிப்பு வளர்ந்தது.

அம்மா குச்சி ஊன்றிய இடம்தான் இருப்பதிலேயே மோசமான இடம். ஒன்பதடிச் செங்குத்து வெட்டின் விளிம்பில் இரண்டடியில் நிற்கும் மரத்துக்கு ஒரு பக்கம் வேர் பிடிக்க மண்ணே இல்லை. மறுபக்க வேர் மட்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். காற்றில் மரம் ஆட ஆட, பின்னால் மண்ணில் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டில் மழைநீர் இறங்கும். பிறகு மரம் தனியாக வராது, தன்னோடு வெட்டின் முகத்தையும் கொண்டு வரும். எட்டடியில் உங்கள் பின்சுவர், அதை ஒட்டிக் குசினி, இல்லையா?

மரம் மண்ணைப் பிடிக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பிடிக்கும், வேர் போகும் ஆழத்துக்கு மட்டும். அதற்குக் கீழே மண் வழுக்கினால் மரமும் சேர்ந்துதான் போகும். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தத் தோட்டத்தில் மண்சரிவு வந்து லயங்களை மூடியதை மறக்க முடியுமா? அங்கே பல மாதங்களாக, ஏன் வருடங்களாக, எச்சரிக்கை இருந்தது.

வெட்டுக்கு மேலே அந்த ஆறடியில் மானாப்புல் அல்லது வெட்டிவேர் நெருக்கமாக வைக்கலாம். அதற்கும் மேலே குறுக்காக ஒரு கான் (வடிகால்) வெட்டி, மேல்மலைத் தண்ணீர் உங்கள் வெட்டில் விழாமல் பக்கத்துக்குத் திருப்புங்கள். மரத்தைவிட அந்தக் கானுக்குத்தான் முதல் மண்வெட்டி விழ வேண்டும். நான் இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள், கான் மட்டும் யாரும் வெட்டுவதில்லை.

கல்கட்டிலிருந்து குறைந்தது ஐந்தாறு அடி விடுங்கள். கட்டில் தண்ணீர் வெளியேற விட்டிருக்கும் ஓட்டைகள் இருக்கிறதா என்று பாருங்கள். வேர் அவற்றை அடைத்தால் கட்டுக்குப் பின்னால் நீர் நிற்கும். கல்கட்டு சரிவது பெரும்பாலும் அந்த நீரால்தான். மலசலகூடக் குழிக்குப் பத்தடி விடுங்கள்.

---

தொங்கல்காம்பரா:

அண்ணா, படித்துவிட்டு எழுந்துபோய்க் கைப்பேசியில் இருந்த வீட்டுப் படங்களைப் பார்த்தேன். முன்னறையில் ஜன்னலுக்குக் கீழே ஒரு தலைமயிர் வெடிப்பு, போன மார்கழியிலிருந்து. அம்மா அதற்குக் காரணம் பக்கத்து வீட்டுக் கொய்யா என்று சொல்லி அவர்களோடு பேசுவதை நிறுத்தியிருக்கிறார். இப்போது இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

---

கச்சான்காற்று:

அப்புத்தளையிலிருந்து எழுதுகிறேன். உங்கள் பக்கத்தில் வைகாசி பிறந்தால் மழையும் காற்றும் சேர்ந்து வரும். எங்கள் பக்கத்தில் அதே காற்று மலை இடைவெளி வழியாக ஏறி மறுபக்கம் காய்ந்து விழும், கச்சான் என்போம். ஆவணி வரை ஓயாது. எந்தப் பக்கம் காற்று என்று பார்க்காமல் அடிக்கணக்குச் சொல்வதில் அர்த்தமில்லை.

என் ஆனைக்கொய்யா குசினியிலிருந்து பதினோரு அடியில் நிற்கிறது. 2009இல் வைத்தது. வேரால் இதுவரை ஒரு தொல்லையும் இல்லை. மேசன் அண்ணன் சொல்வது சரி. தொல்லை எல்லாம் மேலேயிருந்துதான். அதன் கட்டை உறுதியற்றது, முருங்கைக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்த்த கிளை காற்றில் முறிந்து எங்கள் அஸ்பெஸ்டஸ் சீட் இரண்டை உடைத்தது. காய்க்கும் காலத்தில் இரவு இரண்டு மணிக்கு ஒரு பழம் கூரையில் விழும் பாருங்கள், வீட்டில் எல்லோரும் எழுந்து உட்கார்ந்துவிடுவோம். மாமியார் ஒவ்வொரு தடவையும் “யார் அது?” என்று கேட்பார். பத்து வருடத்துக்கு மேலாகக் கேட்கிறார்.

பிறகு சருகு. தடித்த இலை, கூரைப் பீலியில் விழுந்தால் மக்காது, மட்டையாகப் படிந்து அடைக்கும். மழைநீர் பீலிக்கு மேலாக வழிந்து சுவரில் இறங்கும். பாசி பிடித்த பிறகுதான் நமக்குத் தெரியும்.

இன்னொன்றை ஆண்கள் யாரும் சொல்லமாட்டார்கள்: துணி. நம் குளிரில் வெயில் என்பது காசு. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். வீட்டுக்கும் கொடிக்கும் தெற்கே மரத்தை வைத்தால் வெயில் மிகவும் தேவைப்படும் நாளில் அது முழுவதையும் மரம் குடித்துவிடும். வடக்கே வைத்தால் அந்த மாதங்களில் நிழல் வீட்டை விட்டு விலகி விழும். உங்கள் வீட்டில் எது வடக்கு?

மரத்தை உயர விடவேண்டும் என்று யார் சொன்னது? நான் கிளை முறிந்த வருடமே தலையை வெட்டினேன். ஒவ்வொரு வருடமும் காய் பறித்து முடிந்ததும் நடுவில் நேராகப் போகும் கொம்பை எடுத்துவிடுகிறேன். இப்போது பதினைந்து அடியில் நிற்கிறது, ஏணி வைத்துப் பறிக்கிறோம். ஒரேயடியாக மொட்டை அடிக்காதீர்கள். வெயில் பட்டால் பட்டை வெடிக்கும். வெட்டிய இடத்துக்கும் வெளியே தெரியும் கொம்புக்கும் சுண்ணாம்பு பூசவேண்டும். முதலிலிருந்தே, இடுப்பளவில் நிற்கும்போதே நுனியைக் கிள்ளிப் பக்கக்கிளை விடச் செய்திருந்தால் எனக்கு இந்தப் பாடு இல்லை.

---

கவ்வாத்துக்கத்தி:

பிள்ளை, நான் தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக முப்பத்தாறு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். நாற்று வளர்க்கும் தவறணையில் நின்ற வருடங்கள் அதில் பாதி. தேயிலையை விட்டால் முப்பது அடி வளரும் மரம் அது. அதை இடுப்பளவில் வைத்துத்தான் நூற்றைம்பது வருடமாக நாம் சோறு தின்கிறோம். ஆகவே அந்த அப்புத்தளை மகள் சொல்லும், கிளை வெட்டி அடக்கும் கவ்வாத்துதான் உன் வழி. ஆனால் அதற்கு முன் ஒன்றிரண்டு விஷயம் இருக்கிறது.

சரிவில் தூரத்தை நிலத்தில் அளக்காதே. மரம் விழுந்தால் எங்கே படுக்கும் என்று அளந்து பார். மலைச்சரிவில் நிற்கும் மரம் வெளிச்சமுள்ள பள்ளப் பக்கம் கிளையை வீசும், பாரம் அந்தப் பக்கமாகவே சேரும், மண் ஊறியதும் அந்தப் பக்கமே சாயும். மேட்டுப் பக்கத்தில் நிற்கும் மரத்துக்கு உன் வீடுதான் பள்ளம். நீ சிறுவயதில் பார்த்தது அதைத்தான். வீட்டுக்குக் கீழே நிற்கும் மரம் உன்னை விட்டு விலகி விழும். ஆனால் அங்கே இன்னொருவர் வீடு இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அவருக்கு நீதான் மேடு. குழி வெட்டுவதற்கு முன் இறங்கிப் போய் அவரிடம் ஒரு வார்த்தை சொல்.

இப்போது நிற்கும் மரங்களின் உயரம் தெரியவேண்டுமானால் ஒரு குச்சி போதும். கையை நேராக நீட்டிப் பிடித்தால் கண்ணிலிருந்து கைப்பிடி வரை எவ்வளவு நீளமோ, பிடிக்கு மேலே அதே நீளம் குச்சி நிற்கவேண்டும். செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு பின்னால் நட. கைப்பிடி மரத்தின் அடியிலும் குச்சியின் நுனி மரத்தின் உச்சியிலும் படும் இடத்தில் நில். அங்கிருந்து மரத்துக்கு எத்தனை அடியோ அதுதான் மரத்தின் உயரம். மேட்டிலும் பள்ளத்திலும் நடந்தால் கணக்குப் பிழைக்கும். மரத்தின் அடி இருக்கும் மட்டத்திலேயே, சரிவுக்குக் குறுக்காக நட. அப்பா வைத்த மரத்தை ஒரு தடவை அப்படி அளந்து பார். அதன் பிறகு உன் அம்மாவிடம் நீ ஒன்றும் பேசவேண்டியிருக்காது.

அடுத்தது, நீ வருத்தப்படக்கூடாது. கொட்டையில் முளைத்த கன்று தாய்மரத்துக் காயைத் தராது. நீளக் கழுத்தும் வரலாம், உருண்டைக் காயும் வரலாம், நாரும் வரலாம். பூ மகரந்தம் எங்கிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்? ஆறேழு வருடம் காத்திருந்து, காய்த்த பிறகு அது உன் அப்பாவின் பழமாக இல்லாவிட்டால் உன் அம்மாவின் மனம் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பார்.

அப்பாவின் பழமேதான் வேண்டுமென்றால் அப்பாவின் மரத்திலிருந்து கொம்பு எடுத்து ஒட்டவேண்டும். அடிக்கன்று வெளியே தேடவேண்டாம், பால்மா டின்னில் இருக்கிறதே. அந்தக் கன்றின் வேர், அந்த மரத்தின் தலை. ஒட்டிய கன்று மூன்று நாலு வருடத்தில் பூக்கும், சீக்கிரம் காய்ப்பதால் கொட்டைக்கன்று போல விறுவிறுவென்று மேலே ஓடாது. ஆனாலும் கவ்வாத்து இல்லாமல் விட்டால் அதுவும் பெரிய மரம்தான். ஒட்டுக்கன்று குள்ளமாகவே நிற்கும் என்று விற்கிறவர்கள் சொல்வதை நம்பாதே.

பலா வைக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை, கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேல் இருக்கும் உங்கள் மலையில் அது ஒழுங்காகக் காய்க்காது. வளர்ந்துவிட்டால் வெட்டுவதற்குப் பிரதேச செயலகத்தில் அனுமதி வேறு எடுக்கவேண்டும்.

---

வன்னிமேடு:

நான் ஒன்று தெரியாமல் சொல்லிவிட்டேன் போல. எங்கள் பக்கத்தில் மேடு என்றால் வரம்புதான். ஐயா சொன்ன குச்சிக் கணக்கை இன்று மாலை என் பாலை மரத்தில் போட்டுப் பார்த்தேன். நான் நாற்பது அடி என்று நினைத்தது ஐம்பத்திரண்டு. கிணற்றுக்கட்டு நாற்பத்தைந்தில் இருக்கிறது.

---

கல்கட்டு:

ஐயா சொன்னதற்கு மேல் ஒன்று. தங்கச்சி, உங்கள் காணிக்கு மேலே தோட்டத்து மரங்கள் ஏதாவது நிற்கின்றனவா? சவுக்கோ டர்பன்டைனோ? உங்கள் கன்று வளர்ந்து ஆபத்தாகப் பத்து வருடம் பிடிக்கும். அவை இன்றே ஐம்பது, அறுபது அடி நிற்கும். அளந்து பாருங்கள். கூரை எட்டும் தூரமென்றால் படம் எடுத்து, உயரமும் தூரமும் எழுதி, கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் கொடுத்து, வாங்கியதாகக் கையெழுத்துப் பெற்றுக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது.

முன்பு நேராக நின்ற மரம் சாய்ந்தாலோ, மேலே நிலத்தில் புதிதாக வெடிப்புக் கண்டாலோ, பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, மரத்தைப் பற்றி யோசிக்க நேரமில்லை, இறங்கிவிடவேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் வெளியேறத் தயார், 150 தாண்டினால் வெளியேறு. 2025 நவம்பர் டித்வா புயலுக்குப் பிறகு இதை எங்கள் வீட்டில் சின்னவன்கூடச் சொல்வான். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

---

தொங்கல்காம்பரா:

போன சனி, ஞாயிறு ஊருக்குப் போய் வந்தேன். எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

குச்சியோடு முதலில் பழைய லயத்துக்குப் போனோம். அம்மாவைத்தான் பிடிக்கச் சொன்னேன். கையை நீட்டி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பின்னால் நடந்தவர் கோழிக்கூட்டில் முட்டிக்கொண்டு நின்றார். அங்கிருந்து நாடாவால் அளந்தேன்: நாற்பத்தெட்டு அடி. அம்மா நாடாவை வாங்கி இன்னொரு தடவை அளந்தார். அதே நாற்பத்தெட்டு. மரத்தை அண்ணாந்து பார்த்து, “உங்கள் அப்பா இதை ஒரு நாளும் வெட்டவிடவில்லை” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் மண்வெட்டுக்கு மேலே ஏறிக் குச்சியை அவரே பிடுங்கினார்.

வீட்டுக்கு முன்பக்கம் தெற்கு, வலது பக்கம் மேற்கு. கச்சான்காற்று அக்கா சொன்ன வடக்கு எங்களுக்கு மண்வெட்டு, ஆகவே அது இல்லை. முன்முற்றத்தின் நடுவில் வைத்தால் மார்கழி வெயில் போகும். மிஞ்சியது வலது முன்மூலை. வீட்டு மூலையிலிருந்து வலப்பக்கம் ஏழடி, முன்னால் எட்டடி. நூல் பிடித்தால் மூலையிலிருந்து பத்தரை அடி வருகிறது, கல்கட்டுக்கு ஆறடி மிஞ்சுகிறது. குழி மறு மூலையில், இருபது அடிக்கு மேல். மாலை வெயில் கொஞ்சம் மறைக்கும், பரவாயில்லை. எங்கள் ஊரில் நாலு மணிக்கு மேல் எப்படியும் மூடுபனி. தென்மேற்குக் காற்றடித்தால் கிளை வீட்டுப் பக்கம் வரும் என்பது மட்டும்தான் உறுத்துகிறது. பதினைந்து அடிக்கு மேல் விடுவதில்லை என்று அண்ணன் முன்னிலையில் அம்மாவிடம் சத்தியம் வாங்கினேன். அண்ணன் நம்பவில்லை. நாங்கள் இல்லாத வருடத்தில் யார் வெட்டுவார் என்று கேட்டான். நியாயமான கேள்விதான். அதற்கு அம்மா, “நாற்பது வருடம் கவ்வாத்து மலையில் நின்றவளிடம் கேட்கிற கேள்வியா இது?” என்றார்.

கீழ்வீட்டுக்குப் போய்ச் சொன்னோம். அந்த அக்கா, பழம் விழுந்தால் எங்களுக்கா உங்களுக்கா என்று மட்டும் கேட்டார்.

கான் வெட்ட அண்ணன் ஒப்புக்கொண்டிருக்கிறான். பாதி வெட்டியும் விட்டான். மேலே இரண்டு சவுக்கு நிற்கின்றன. ஒன்று கூரைக்கு எட்டாது. மற்றது ஐம்பத்தைந்து அடி, எங்கள் பின்சுவருக்கு நாற்பத்தொன்று. கடிதம் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.

கொட்டைக்கன்று அப்பாவின் பழத்தைத் தராது என்று சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது. இரவு ரொட்டி சுடும்போது சொன்னேன். அம்மா இரண்டு ரொட்டி புரட்டும் வரை பேசவில்லை. பிறகு, “அப்படியானால் கொம்பை எப்போது வெட்டுவது என்று அந்த ஐயாவிடம் கேள்” என்றார். கேட்கிறேன் ஐயா.

---

கவ்வாத்துக்கத்தி:

நுனி மொட்டுப் பருத்து, இன்னும் விரியாமல் இருக்கும் கொம்பாகப் பார். பென்சில் பருமன், நாலைந்து அங்குல நீளம், பச்சை மாறி முற்றத் தொடங்கியது. காலையில் வெட்டு. இலையைக் கிள்ளிவிட்டுக் காம்பை மட்டும் கொஞ்சம் விடு. ஈரத்தாளில் சுற்றிப் பொலித்தீன் பையில் போட்டால் மறுநாள் வரை தாங்கும், அதற்கு மேல் வைக்காதே. டின் கன்றை முழங்கால் உயரத்துக்குக் கீழே வெட்டி, நடுவில் பிளந்து, கொம்பின் அடியை ஆப்புப் போலச் சீவி இறக்கவேண்டும். இரண்டின் பட்டையும் ஒரு பக்கமாவது ஒன்றோடொன்று தொடவேண்டும், அதுதான் காரியம். பொலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டி, தலைக்கு ஒரு பை கவிழ்த்து நிழலில் வை. மூன்று நாலு வாரத்தில் மொட்டு அசையும். அசையாவிட்டால் கொம்பு கறுத்துவிடும், கன்று சாகாது. அடியிலிருந்து துளிர்க்கும், திரும்ப ஒட்டலாம். நாலைந்து கொம்பு சேர்த்து எடுத்துக்கொள்.

கத்தி சவரக்கத்தி போல இருக்கவேண்டும். உன் அம்மாவின் பழைய கவ்வாத்துக்கத்தி இருந்தால் அதைத் தீட்டக் கொடு.

---

தொங்கல்காம்பரா:

கத்தி இருக்கிறது ஐயா. லொறியில் இரண்டாவதாக ஏறியது அதுதான்.